டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றுவது, எவ்வளவு ஆகும்? - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 2015 மாடல் டஸ்டர் டீசல் வைத்திருக்கிறேன். மொத்தமே 54,000 கி.மீ. தான் ஓடியிருக்கிறது. சர்வீஸ் சென்டரில் டைமிங் பெல்ட்டை மாற்றியே ஆக வேண்டும் என்று 17,500 ரூபாய்க்கு எஸ்டிமேட் போட்டுக் கொடுத்தார்கள். தெருமுனை மெக்கானிக் 8,000-க்குள் முடித்துவிடலாம் என்கிறார், கூடவே "லட்சமே ஆகலையே, இப்ப எதுக்குண்ணே?" என்றும் கேட்கிறார். யார் பேச்சைக் கேட்பது? - வாசகர், திருப்பூர்

மாற்றிவிடுங்கள், இந்த மாதமே. எங்கே மாற்றுவது என்பதை அப்புறம் பேசலாம்.

உங்கள் மெக்கானிக் மீட்டரை மட்டும் பார்த்துப் பேசுகிறார். டைமிங் பெல்ட் என்பது ரப்பர். உள்ளே கண்ணாடி இழைக் கயிறு ஓடும், வெளியே பல் வெட்டியிருக்கும், ஆனால் அடிப்படையில் ரப்பர்தான். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதற்கு வயதாகும், அதுவும் இன்ஜின் சூட்டுக்குப் பக்கத்திலேயே இருந்து வயதாகும். அதனால்தான் கையேட்டில் பெல்ட்டுக்கு இத்தனை கி.மீ. என்று ஒரு கணக்கும் இத்தனை ஆண்டு என்று ஒரு கணக்கும் கொடுத்து, எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றச் சொல்கிறார்கள். நம் ஊரில் கி.மீ. கணக்கை எல்லாரும் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள், ஆண்டுக் கணக்கை யாரும் வைத்துக்கொள்வதில்லை. வாரத்தில் நாலு நாள் ஷெட்டில் நிற்கும் வண்டிக்கு எப்போதும் ஆண்டுக் கணக்குதான் முதலில் வரும். உங்கள் பெல்ட்டுக்குப் பத்து வயது தாண்டிவிட்டது. தவிர, திருப்பூர் மாதிரி ஊரில் சிக்னலிலும் மார்க்கெட் நெரிசலிலும் இன்ஜின் ஓடிக்கொண்டே நிற்கும் நேரம் மீட்டரில் ஏறுவதே இல்லை. பெல்ட்டுக்கு அதுவும் ஓட்டம்தான்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உங்கள் வண்டியில் இருக்கும் இன்ஜின். டஸ்டரில் இருப்பது ரெனோவின் கே9கே என்ற 1.5 லிட்டர் டீசல், 1461 சிசி, எட்டு வால்வு. இதே இன்ஜின்தான் நிசான் டெரானோ, சன்னி டீசல், மைக்ரா டீசல், பழைய லோகன், வெரிட்டோ எல்லாவற்றிலும் இருக்கிறது, அவற்றை வைத்திருப்பவர்களும் இந்தப் பதிலைப் படித்துக்கொள்ளுங்கள். நல்ல இன்ஜின், நல்ல மைலேஜ், ஆனால் பெல்ட் அறுந்தால் மன்னிக்காத ரகம். பிஸ்டன்கள் சுற்றவைக்கும் தண்டான கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால், வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேம்ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்ற வேண்டும், அந்தக் கணக்கைப் பிடித்துவைப்பதுதான் பெல்ட்டின் வேலை. ஹைவேயில் 2,500 ஆர்.பி.எம்.-மில் போகும்போது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு இருபது தடவை திறந்து மூடுகிறது. பெல்ட் அறுந்த கணத்தில் கேம்ஷாஃப்ட் நின்றுவிடும். அப்போது எந்த வால்வு திறந்திருந்ததோ அது திறந்தபடியே நிற்கும். கிராங்க்கோ வண்டி ஓடும் வேகத்தில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும், பிஸ்டன் மேலே வந்து அந்த வால்வை இடிக்கும். வால்வு பெண்ட் ஆவது அப்படித்தான். பெல்ட் முழுசாக அறுந்தால்தான் என்றில்லை, நாலைந்து பல் தாண்டினாலே போதும்.

முன்கூட்டியே ஏதாவது சத்தம் கேட்குமா என்றால், பெரும்பாலும் கேட்காது. டென்ஷனர், அதாவது பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் உருளை, அதன் பேரிங் போனால் ஒரு கீச்சு அல்லது உறுமல் வரலாம். பெல்ட் தானாகப் போகும்போது சத்தமே போடாது. மேல் கவரைக் கழற்றிப் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி அனுப்புவதும் சரியில்லை. இந்தக் காலத்து பெல்ட்டுகள் வெளிப்பார்வைக்கு வெடிப்பில்லாமல் பளிச்சென்று இருக்கும்போதே உள்ளே பல் அடியில் விட்டுப்போயிருக்கும்.

சரி, இப்போது அந்த 17,500-க்கும் 8,000-க்கும் வருவோம். இரண்டும் ஒரே வேலைக்கான விலைதானா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. இந்த இன்ஜினில் டைமிங் பெல்ட் கேம்ஷாஃப்ட்டை மட்டும் ஓட்டவில்லை, ஹை பிரஷர் டீசல் பம்ப்பையும் வாட்டர் பம்ப்பையும் சேர்த்து ஓட்டுகிறது. அந்த வாட்டர் பம்ப்பின் பேரிங் இறுகினாலோ, சீல் போய்க் கூலன்ட் கசிந்து பெல்ட்டை நனைத்தாலோ, நேற்று போட்ட புது பெல்ட்டும் போய்விடும். பம்ப்பைத் தனியாக மாற்ற வேண்டுமென்றால் திரும்ப அத்தனையும் கழற்றியாக வேண்டும்: வலது முன்சக்கரம், உள் தடுப்பு, ஆல்டர்னேட்டரை ஓட்டும் வெளி பெல்ட், ஜாக்கி வைத்து இன்ஜினைத் தாங்கிக்கொண்டு வலது பக்க மவுன்ட், கிராங்க் புல்லி, கவர்கள். கூலி முழுக்க இந்தக் கழற்றலுக்குத்தான், பெல்ட்டை மாட்டுவதற்கு ஆகும் நேரம் கொஞ்சம்தான். அதனால் ஒரே கழற்றலில் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், வெளி பெல்ட், கூலன்ட் எல்லாம் முடிந்துவிட வேண்டும்.

ஏறக்குறைய விலை சொல்கிறேன், கடைக்குக் கடை மாறும். நல்ல கம்பெனி பெல்ட்-டென்ஷனர் செட் 4,000 முதல் 7,000 வரை. வாட்டர் பம்ப் 2,000 முதல் 4,000. வெளி பெல்ட்டும் கூலன்ட்டும் சேர்ந்து இன்னொரு 2,000 முதல் 3,000. கூலி வெளியில் 3,000 பக்கம், சர்வீஸ் சென்டரில் அதைவிடக் கூட, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வேறு. ஆக எல்லாம் சேர்த்து 12,000-த்திலிருந்து 18,000-க்குள் எங்கேயாவது நிற்கும். உங்களுக்குச் சொன்ன 17,500-இல் பம்ப் சேர்ந்திருந்தால் அது நியாயமான விலைதான், சேரவில்லை என்றால் அதிகம். 8,000 என்பது அனேகமாக வெறும் பெல்ட்டும் டென்ஷனரும். இரண்டு பேரிடமும் பார்ட்டுகளின் பட்டியலை எழுதி வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அதன் பிறகு முடிவெடுங்கள்.

வெளி மெக்கானிக்கிடம் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் "டைமிங் லாக் பின் இருக்கா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். கிராங்க்கையும் கேம்மையும் அசையாமல் பிடித்துவைக்கும் பின் அது, இந்த இன்ஜினுக்கென்று செட்டாகக் கிடைக்கும். பெயின்ட்டில் அடையாளம் வைத்துக்கொண்டு பெல்ட் மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், கை தேர்ந்தவர்கள் செய்தால் சரியாகவே வரும், ஆனாலும் டீசலில் ஒரு பல் தவறினால் வரும் செலவை நினைத்துப் பார்த்தால் பின் வைத்திருப்பவரிடமே கொடுக்கச் சொல்வேன். இன்னொன்று, முடிந்தால் வேலை நடக்கும்போது பக்கத்தில் இருங்கள். பெல்ட்டை மாட்டி டென்ஷன் வைத்ததும், பின்னை எடுத்துவிட்டு, கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் இன்ஜினை இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும், எங்கேயும் தட்டக் கூடாது. திரும்பவும் பின் தன் துளையில் சுலபமாக நுழைய வேண்டும். அதைப் பார்க்காமல் சாவியைத் திருப்பக் கூடாது. இதைக் கேட்காமலே செய்கிற மெக்கானிக் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: பழைய இன்னோவா டாக்ஸி ஓட்டுகிறேன். டேஷ்போர்டில் டி-பெல்ட் என்று ஒரு லைட் எரிகிறது. கூட ஓட்டுகிற அண்ணன் ஒருவர் அதை பட்டன் அமுக்கியே அணைத்துவிடலாம் என்கிறார். அணைத்துவிட்டு ஓட்டலாமா? - வாசகர், ராமநாதபுரம்

அணைக்கலாம், ஆனால் பெல்ட் புதுசாகாது. அந்த லைட்டுக்கு பெல்ட்டின் நிலைமை எதுவும் தெரியாது, வெறும் கி.மீ. கணக்கு அது. குறிப்பிட்ட தூரம் வந்ததும் எரியும், பெல்ட் மாற்றிய பிறகு மெக்கானிக் அதைத் திரும்பப் பூஜ்யத்தில் வைப்பார். மாற்றாமலே அணைத்துவிட்டால் அடுத்த எச்சரிக்கை இன்னொரு முழுச் சுற்று ஓடிய பிறகுதான், அதற்குள் பெல்ட் போயிருக்கும்.

உங்கள் வண்டி, அதாவது 2005 முதல் 2016-இல் கிரிஸ்டா வரும்வரை விற்ற 2.5 டீசல், பதினாறு வால்வு இன்ஜின். அறுந்தால் சேதமும் அந்த அளவுக்கு இருக்கும். ஆனால் மாற்றுவதற்குச் சுலபமான வண்டிகளில் இது ஒன்று. இன்ஜின் நீளவாக்கில் உட்கார்ந்திருக்கிறது, பெல்ட் முன்னாலேயே கைக்கு எட்டும், டஸ்டர் மாதிரி மவுன்ட்டைக் கழற்ற வேண்டியதில்லை. அதனால் பெல்ட், டென்ஷனர், கூலி சேர்த்து 5,000 முதல் 8,000-க்குள் முடியும், அரை நாள் வேலைகூட இல்லை. ஒரு நல்ல சவாரிக் காசு. சபரிமலை சீசன், கல்யாண சீசன் என்று வண்டி நிற்காமல் ஓடும் மாதங்களுக்கு முன்னால் செய்துவிடுங்கள், குடும்பத்தோடு வரும் பயணிகளை ஏற்றிக்கொண்டு ராத்திரி நடுவழியில் நிற்பது பணக் கணக்கில் மட்டும் அடங்குகிற விஷயம் இல்லை.

இதே லைட் விஷயத்தில் செகண்ட் ஹேண்ட் இன்னோவா வாங்குகிறவர்களும் கவனிக்க வேண்டும். லைட் எரியவில்லை என்பதை வைத்து பெல்ட் மாற்றியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், பில்லைக் கேளுங்கள்.

கேள்வி: 2017 ஸ்விஃப்ட் பெட்ரோல். 80,000 கி.மீ. ஆகிறது, டைமிங் பெல்ட் மாற்றணும் என்று சொல்கிறார்கள், ஆகும் செலவு 6,000. சரிதானா? - வாசகி, நாகர்கோவில்

உங்கள் காரில் டைமிங் பெல்ட்டே இல்லை. 2010-இலிருந்து ஸ்விஃப்ட் பெட்ரோலில் வருவது கே சீரிஸ் இன்ஜின், அதில் இருப்பது செயின். அதற்கு முன்னால் வந்த 1.3 பெட்ரோல் ஸ்விஃப்ட்டில்தான் பெல்ட் இருந்தது. அவர்கள் சொன்னது ஒருவேளை ஆல்டர்னேட்டரை ஓட்டும் வெளி பெல்ட்டாக இருக்கலாம், இன்னமும் பலர் ஃபேன் பெல்ட் என்று சொல்வது. அதற்கு 6,000 ஆகாது. எந்த பெல்ட் என்று கழற்றும் முன்பே காட்டச் சொல்லுங்கள்.

எந்த வண்டியில் பெல்ட், எதில் செயின் என்று பலரும் குழம்புவதால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஆல்டோ 800-இல் பெல்ட், ஆல்டோ கே10-இல் செயின். ஐ10-இல் 1.1 என்றால் பெல்ட், 1.2 கப்பா என்றால் செயின். சான்ட்ரோ ஜிங்கில் பெல்ட். ஸ்விஃப்ட், டிசையர் 1.3 டீசலில் செயின். போலோ டிடிஐ டீசல்களில் பெல்ட், ஃபிகோ, ஈகோஸ்போர்ட் டிடிசிஐ டீசல்களிலும் பெல்ட். எட்டியோஸ் டீசலில் செயின். கார் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள், இன்ஜினை வைத்துத்தான் பேச வேண்டும்.

செயின் என்றால் கவலையே இல்லை என்றும் இல்லை. அது எண்ணெயில் ஓடுகிறது, ஆயிலை நேரத்துக்கு மாற்றாமல் இழுத்தடித்தால் செயின் நீண்டுவிடும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில நொடி கடகடவென்று சத்தம் வந்து அடங்கினால் உடனே காட்டுங்கள்.

கேள்வி: பெங்களூரு ஹைவேயில் போய்க்கொண்டிருக்கும்போது என் டீசல் ஹேட்ச்பேக் அப்படியே ஆஃப் ஆகிவிட்டது. பெல்ட் கட்டாகிவிட்டது, ஹெட்டை இறக்க வேண்டும், 60,000 ஆகும் என்கிறார்கள். இன்சூரன்ஸில் கிடைக்குமா? - வாசகர், ஓசூர்

வருத்தமான விஷயம், ஆனால் நேராகவே சொல்லிவிடுகிறேன், கிடைக்காது. காம்ப்ரிஹென்சிவ் பாலிசி விபத்து, திருட்டு, வெள்ளம் போன்றவற்றுக்கானது. தேய்மானமும் மெக்கானிக்கல் கோளாறும் அதில் விலக்கு. இன்ஜின் புரொடெக்ட் என்று கூடுதலாகப் பணம் கட்டியிருந்தாலும் அது முக்கியமாகத் தண்ணீர் புகுந்தது, அடிபட்டு ஆயில் ஒழுகியது போன்றவற்றுக்குத்தான், வயதாகி அறுந்த பெல்ட்டுக்கு இல்லை. கம்பெனியின் நீட்டிப்பு வாரன்டி இன்னும் இருந்தால் அதை மட்டும் ஒரு தடவை படித்துப் பாருங்கள். பெல்ட்டைத் தேயும் பொருள் என்று விலக்கியிருப்பார்கள், ஆனாலும் சர்வீஸ் எல்லாம் அவர்களிடமே நேரத்துக்குச் செய்திருந்தால் வாதாட இடம் இருக்கிறது.

இனிமேல் செய்ய வேண்டியது. முதலில், யாரும் திரும்பத் திரும்ப செல்ஃப் அடிக்கக் கூடாது, தள்ளி ஸ்டார்ட் செய்யவும் கூடாது. ஒவ்வொரு தடவையும் மிச்சமிருக்கும் வால்வையும் இடிக்க வைக்கிறீர்கள். அடுத்து, 60,000 என்பதை ஒரே தொகையாக ஒத்துக்கொள்ளாதீர்கள். ஹெட்டை, அதாவது வால்வுகள் உட்கார்ந்திருக்கும் இன்ஜின் மேல்பகுதியை, இறக்கிப் பார்த்தால்தான் எத்தனை வால்வு பெண்ட், கைடு உடைந்திருக்கிறதா, பிஸ்டன் தலையில் எவ்வளவு ஆழமாகத் தடம் விழுந்திருக்கிறது என்பதெல்லாம் தெரியும். ஆகவே இறக்கிப் பார்ப்பதற்கு மட்டும் ஒரு கூலி பேசுங்கள். இறக்கிய பிறகு நீங்களே போய்ப் பாருங்கள், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வால்வு மட்டும் என்றால் வால்வு, சீல், ஹெட் கேஸ்கெட், ஹெட் போல்ட், லேத்தில் ஹெட் வேலை, புது டைமிங் செட், இவற்றோடு 30,000 முதல் 45,000-க்குள் பல வண்டிகளுக்கு முடிந்துவிடுகிறது. கேம்ஷாஃப்ட் உடைந்திருந்தாலோ பிஸ்டன் அடிபட்டிருந்தாலோ 60,000-ஐயும் தாண்டும். அப்போது பழைய இன்ஜின் ஒன்றை வாங்கிப் போடலாம் என்று யோசனை சொல்வார்கள். போடலாம்தான், ஆனால் இன்ஜின் நம்பர் மாறும், ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும், அதற்கு அந்த இன்ஜின் வந்த இடத்தின் காகிதம் வேண்டும். காகிதம் இல்லாத இன்ஜின் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

ஹெட்டைப் பூட்டும்போது பழைய டென்ஷனரையே போட விடாதீர்கள். பெல்ட் அறுந்ததற்கே அதுதான் காரணமாக இருந்திருக்கலாம்.

கேள்வி: ஈகோஸ்போர்ட் 1.0 ஈகோபூஸ்ட், 2014 மாடல். இதில் பெல்ட் எண்ணெயில் ஓடுவதாகப் படித்தேன். இதையும் மாற்ற வேண்டுமா? - வாசகர், சென்னை

ஆமாம், வேண்டும். இந்த பெல்ட் ஆயிலிலேயே நனைந்து ஓடும்படி செய்தது, வெட் பெல்ட் என்பார்கள். நீண்ட நாள் உழைக்கும் என்று சொல்லித்தான் கொண்டுவந்தார்கள், பிரிட்டனில் ஃபோர்டு கொடுத்த கணக்கு 10 ஆண்டு அல்லது 1,50,000 மைல். உங்கள் கார் அந்தப் பத்து ஆண்டைத் தாண்டிவிட்டது. இதில் அறுவதற்கு முன்பே வேறு ஒரு தொல்லை உண்டு. பெல்ட்டின் ரப்பர் துகள் துகளாக உதிர்ந்து, ஆயில் பம்ப் உறிஞ்சும் சல்லடையை அடைத்துவிடும், ஆயில் பிரஷர் குறைந்து டர்போவும் பேரிங்கும் போகும். ஆயில் லைட் ஒரு விநாடி மின்னி மறைந்தால்கூட ஓட்டாதீர்கள்.

மாற்றுவது பெரிய வேலை, முன்பக்கக் கவர், அடியில் ஆயில் நிற்கும் சம்ப் எல்லாம் இறங்க வேண்டும், கிராங்க்கையும் கேம்மையும் பிடிக்கத் தனி டூல் வேண்டும். செலவு டஸ்டர் கணக்கைப் போல இரண்டு மடங்குக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள். ஃபோர்டு இங்கே 2021-இல் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்துவிட்டாலும் சர்வீஸ் மையங்கள் இருக்கின்றன, இந்த வேலையை முன்னமே செய்தவர் யார் என்று கேட்டு அவரிடம் கொடுங்கள். ஆயில் விஷயத்தில் சிக்கனம் வேண்டவே வேண்டாம். கையேட்டில் சொன்ன 5டபிள்யூ-20, ஃபோர்டின் 948-பி தரம், அது மட்டும்தான். வேறு ஆயில் ஊற்றினால் ரப்பர் சீக்கிரம் கெடும்.

கேள்வி: ஆல்டோ 800, 2013 மாடல், ஒன்றேகால் லட்சத்துக்கு வாங்கப் போகிறேன். 70,000 கி.மீ. பெல்ட் மாற்றினார்களா என்று விற்பவருக்கே தெரியவில்லை. வாங்கலாமா? - கல்லூரி மாணவர், மதுரை

வண்டி மற்றபடி நன்றாக இருந்தால் தாராளமாக வாங்குங்கள் தம்பி. பில் இல்லாத பெல்ட்டை மாற்றாத பெல்ட் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். இந்த வண்டிக்குச் செலவு குறைவு, பெல்ட், டென்ஷனர், கூலி எல்லாம் 2,500 முதல் 4,000-க்குள், எந்த மெக்கானிக்குக்கும் தெரிந்த வேலை. அந்த நாலாயிரத்தை விலையில் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள், குறைக்காவிட்டாலும் முதல் வாரத்திலேயே மாற்றிவிடுங்கள். கேம் சீல், கிராங்க் சீல் பக்கம் ஆயில் கசிந்த தடம் இருந்தால் அதையும் கூடவே மாற்றச் சொல்லுங்கள், சில நூறு ரூபாய்தான், ஆயில் பட்ட பெல்ட் நிற்காது. சென்னைப் பதிவெண் வண்டி என்றால் 2015 வெள்ளத்திலோ 2023 டிசம்பர் மழையிலோ நின்றதா என்றும் விசாரியுங்கள், கவருக்குள் சேறு போயிருந்தால் டென்ஷனர் பேரிங் சீக்கிரம் போகும்.

பார்ட்டை பில்லோடு வாங்குங்கள், சென்னையில் ஜி.பி. ரோடு மாதிரி இடத்தில் வாங்கினாலும் சரி, உங்கள் ஊர்க் கடையில் வாங்கினாலும் சரி. பழைய பெல்ட்டை மெக்கானிக்கிடமிருந்து கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மாற்றிய தேதியையும் கி.மீ.-யையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி பெல்ட் கவர் மேலேயே ஒட்டச் சொல்லுங்கள்.